தையல் உங்களுடையது... லேபிளில் யார் பெயர்?

தலையணை உறை தைத்து முடித்தாயிற்று. அதை மடித்து அலமாரியில் வைத்து, வாங்க வருபவர் எதிரிலேயே பையில் போட்டுக் கொடுக்கிறீர்களா? அல்லது முன்கூட்டியே கவரில் போட்டு அடுக்கி வைக்கிறீர்களா?

இது என்ன கேள்வி என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. வாங்குபவர் இல்லாத நேரத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கவரில் போட்டு வைத்தால் அது ‘பொட்டலப் பொருள்’. கவரின் வாயை ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அப்படித்தான். அதற்கென்றே ‘சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011’ இருக்கிறது.

மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் பக்கம் வீட்டில் மெஷின் போட்டு நைட்டி, தலையணை உறை, குழந்தை மெத்தை, வெட்டுத்துணியில் ஒட்டுப்போட்ட போர்வை என்று தைத்து விற்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. மாசி மாதம் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைக்குக் கூட்டம் வரும்போது தற்காலிகக் கடையில் வைத்து விற்றாலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்றாலும் விதி ஒன்றுதான். விதியை மீறிய பொட்டலத்துக்கு 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் வைத்த அபராதம், முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை. ஒரு தலையணை உறையில் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் கனம் புரியும்.

சரி, லேபிளில் என்னதான் எழுத வேண்டும்? இரண்டு உறைகள் கொண்ட ஒரு கவருக்கு இப்படி இருந்தால் போதும்:

பொருள்: தலையணை உறை
எண்ணிக்கை: 2
அளவு: 45 செ.மீ. x 70 செ.மீ.
தயாரித்தது: ஜனவரி 2026
எம்.ஆர்.பி: ரூ.300 (அனைத்து வரிகளும் உட்பட)
ஒன்றின் விலை: ரூ.150
தயாரிப்பாளர்: பெயர், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு
புகாருக்கு: பெயர், முகவரி, போன், இமெயில்

கவரில் ஒரே ஒரு உறைதான் என்றால் ‘ஒன்றின் விலை’ வரி தேவையில்லை. போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு, மேஜை விரிப்பு எல்லாவற்றுக்கும் அளவு கட்டாயம். ஓரம் மடித்துத் தைத்து முடித்த பிறகு இருக்கும் அளவைத்தான் எழுத வேண்டும், வெட்டும்போது எடுத்த அளவை அல்ல. இன்ச்சில் பழகிய கை என்றாலும் லேபிளில் சென்டிமீட்டர் வர வேண்டும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. தமிழில் கூடுதலாக எழுதலாம், தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது. மணவாளக்குறிச்சியில் தைத்துத் தக்கலையில் விற்கும் போர்வைக்கு இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் இன்றைக்கு விதி அதுதான்.

நைட்டி, சுடிதார் தைப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கவரில் போடாமல் திறந்த நிலையில் விற்கும் ஆடைகளுக்கு 2022-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. தயாரிப்பாளர் அல்லது பிராண்டு உரிமையாளர் யார், எம்.ஆர்.பி எவ்வளவு, எஸ், எம், எல் என்ற சைஸுடன் சென்டிமீட்டர் அளவு, புகாருக்குப் போன் நம்பரும் இமெயிலும். இவை இருந்தால் போதும்.

போன் நம்பரை எப்படிப் போடுவது?

பெண்களுக்கு உண்மையான தயக்கம் இங்கேதான். வீட்டு முகவரியையும் சொந்த நம்பரையும் ஊரெல்லாம் போகும் கவரில் அச்சடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? வேண்டாத நேரத்தில் வரும் அழைப்புகளைப் பற்றி ஆண்கள் யோசிப்பதில்லை, விதி எழுதியவர்களும் யோசித்ததாகத் தெரியவில்லை. தொழிலுக்கென்று தனி சிம், தனி இமெயில் எடுத்துக்கொள்வது ஒரு வழி. சுயஉதவிக் குழுவாகத் தைத்து விற்பவர்கள் குழுவின் பெயரையும் முகவரியையும் போடலாம்.

நம்பர் வேண்டாம் என்று லேபிளையே விட்டுவிடுவதில் வேறொரு இழப்பு இருக்கிறது. நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர் உங்களிடம் 50 போர்வை வாங்கி, தன் கவரில் போட்டு, தன் கடைப் பெயரை மட்டும் ஒட்டி விற்கிறார் என்று வையுங்கள். தயாரித்தவர் ஒருவர், பொட்டலம் போட்டவர் வேறொருவர் என்றால் இருவர் பெயரும் முகவரியும் வர வேண்டும் என்பதே விதி. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. அடுத்த போர்வை வேண்டும் என்று தேடுபவர் கடையைத் தேடுவாரா, உங்களைத் தேடுவாரா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இது பழைய கதை. 1821-ல் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்த லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிந்தது. கற்றுக்கொடுத்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பின்னிய பெண்களின் பெயர்களை எங்கே போய்த் தேடுவது?

மணவாளக்குறிச்சி மட்டும் லேபிள் இல்லாமலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்து, மணலின் ஊரைத் தேடி இங்கே வந்தார். போர்வைக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்!

‘கைத்தறி’ என்று எழுதலாமா?

கையால் தைத்தது வேறு, கைத்தறி வேறு. விசைத்தறித் துணியை வாங்கி நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கையால் தைத்தாலும் அது கைத்தறி ஆகாது. ‘காதி’ என்ற சொல்லுக்கும் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ‘100% காட்டன்’ என்பதிலும் கவனம் தேவை. கடைக்காரர் சொன்னதை நம்பி நீங்கள் எழுதினால், பொய் சொன்ன பழி உங்கள் மேல்தான் விழும். துணியிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கட்டியாகிவிடும். நீளவாட்டு நூல், குறுக்கு நூல் இரண்டையும் சோதியுங்கள், கலப்பு அதில்தான் ஒளிந்திருக்கும். குழந்தை மெத்தைக்குள் இலவம் பஞ்சா, பாலியஸ்டர் பஞ்சா என்பதையும் எழுதிவிடுங்கள். அம்மாக்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மிச்சத் துணியில் பொம்மை தைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவு இல்லாமல் துணிப் பொம்மை விற்பது ஆபத்து.

இன்ஸ்டாகிராமில் ‘விலைக்கு டிஎம் பண்ணுங்க’ என்று போடுகிறீர்களா? விட்டுவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் பொட்டலப் பொருளுக்குத் தயாரித்த மாதம் தவிர மற்ற விவரங்கள் திரையிலும் தெரிய வேண்டும். லேபிளைத் தெளிவாகப் போட்டோ எடுத்துப் பதிவின் இரண்டாவது படமாகப் போட்டுவிட்டால் வேலை சுலபம்.

பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினால் 90 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. குமரி மாவட்டத்துக்காரர்கள் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கொடை முடிந்து சரக்கு மிஞ்சிப்போய் விலையைக் குறைக்கிறீர்களா? புதிய விலையை ஸ்டிக்கராக ஒட்டலாம். ஆனால் பழைய எம்.ஆர்.பி மறையக் கூடாது. விலையைக் கூட்டுவதற்கு ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது.