137-க்கு மேல் போனால் அம்பேல்!

பழைய கம்ப்யூட்டரை யாரும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்வதில்லை. எடைமேடை சாஃப்ட்வேர் விண்டோஸ் 98-ல்தான் ஓடும். அதை எழுதிக்கொடுத்த பையன் எப்போதோ அமெரிக்கா போய்விட்டான். பத்து வருஷக் கணக்கு எக்ஸ்பியில் கிடக்கும், மாற்றலாமா என்றால், "ஓடுதில்ல? ஓடட்டும்" என்பார் முதலாளி. ஓடும் ஸார், ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்' என்று முனகும் வரை!

உடனே கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய டிஸ்க்காகக் கேட்போம். வளரும் பையனுக்கு ரெண்டு சைஸ் பெரிதாகச் சட்டை எடுக்கிற அதே புத்தி. வினை அங்கேதான்.

2004-ல் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் தன் விண்டோஸ் 98 மெஷினில் 160 ஜி.பி. டிஸ்க் மாட்டினார். மொத்த இடத்தையும் ஒழுங்காகக் காட்டியது. பல மாதம் ஒரு குறையும் இல்லை. ஜூலை கடைசி வாரம், வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடியில், ஒரு நாள் காலை மெஷின் எழுந்திருக்கவே இல்லை. "வைரஸ் ஸார்" என்றார் மெக்கானிக். வைரஸும் இல்லை, டிஸ்க்கும் பழுதில்லை. பழைய பிரிண்ட் அவுட்களைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் ராத்திரி பகலாக டைப் அடித்தார்கள்.

நடந்தது என்ன? நான் காமர்ஸ் ஆசாமி, பேரேட்டை வைத்தே சொல்கிறேன். பக்க எண் எழுத மூன்று கட்டம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 999 வரை சரி. அடுத்த பக்கம் 1000. கட்டத்தில் விழுவதோ 000. குமாஸ்தா அப்பாவியாகப் பேரேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, இருப்பதன் மேலேயே எழுதுவார். முதல் பக்கத்தில் இருப்பது இன்டெக்ஸ். போச்சா!

டிஸ்க்கில் பக்கத்துக்குப் பதில் 512 பைட் கொண்ட செக்டார்கள். விண்டோஸ் 98-க்குச் செக்டார் எண் எழுத 28 பிட்தான். அதாவது 26 கோடியே 84 லட்சத்து சொச்சம் செக்டார். 512-ஆல் பெருக்கினால் 137 ஜி.பி. அதைத் தாண்டி எழுதும் முதல் ஃபைல் சத்தமில்லாமல் டிஸ்க்கின் ஆரம்பத்தில் போய் உட்காரும். 137 நிரம்பும்வரை எதுவும் தெரியாது என்பதுதான் இதில் விஷமமே.

2001-ல் வந்த எக்ஸ்பிக்கும் முதலில் இதே வியாதி. 2002-ல் சர்வீஸ் பேக் 1 வந்து, 48 பிட் முகவரி கொடுத்துக் குணமாக்கியது. ஆனால் பீரோவில் இருக்கும் பழைய 2001 சி.டி.யைப் போட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால், வியாதி திரும்ப வந்துவிடும்.

எக்ஸ்பிக்கு இன்னொரு சுவரும் உண்டு. டிஸ்க்கைப் பாகம் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய அட்டவணையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். கணக்குப் போட்டால் 2.2 டெராபைட். 3 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் சில மெஷின்களில் 746 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை ஸார்; 2.2 போக மீதிதான் அது! பெரிய டிஸ்க்குகளுக்கான புது ஜி.பி.டி. அட்டவணையைச் சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்குப் படிக்கத் தெரியாது.

ஆகவே: விண்டோஸ் 98 என்றால் 120 ஜி.பி.யோடு நிறுத்துங்கள். பெரிசுதான் கையில் இருக்கிறதென்றால், முதல் 137-க்குள் பார்ட்டிஷன் போட்டுவிட்டு மிச்சத்தை மறந்துவிடுங்கள். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3, டிஸ்க் 2 டெராபைட்டுக்குள். இதற்கெல்லாம் முன்னால், இருக்கிற டேட்டாவை வேறொரு மெஷினில் ஒரு காப்பி.

"கொஞ்சம்தான் ஸார் வித்தியாசம், பெரிசாவே எடுத்துக்குங்களேன்" என்பார் கடைக்காரர். 'எங்க வீட்டு விண்டோஸுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாதுங்க' என்று சொல்லிவிட்டு, சின்னதாகவே வாங்கி வாருங்கள்.