தணிகை வெயிலில் ஒரு பவளத் தொட்டி

முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை. வெயிலுக்கு அந்தக் கதை தெரியாது. கோடையில் 'சதமடித்த ஊர்கள்' பட்டியலில் திருத்தணி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இந்த ஊரிலும் வீட்டுக்குள் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். எல்லாம் ரயில் செய்கிற வேலை. மின்சார ரயிலில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் எட்டும் தூரம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்க வேண்டியது மூன்றே பெயர்: மஷ்ரூம், ஜோவா, லெதர். மூன்றுக்கும் சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது. மஷ்ரூமுக்கு வெளிச்சமும் நீரோட்டமும் குறைவாக இருந்தால் போதும். லெதர் சில நாள் சுருங்கி, மெழுகு பூசியது போல மங்கிக் கிடக்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள், தோல் உரிக்கிறது. ஜோவா அழகுதான். ஆனால் அதன் இனத்தில் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது.

கல்போல் கெட்டியான பவளங்களையும் கடல் விசிறியையும் யார் நீட்டினாலும் வேண்டாம். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காவல். மற்றதற்கும் ரசீது கேளுங்கள்.

விளக்குதான் முக்கியம், நீரோட்டம்தான் முக்கியம் என்பார்கள் அனுபவஸ்தர்கள். இருக்கட்டும். எனக்குக் கவலையெல்லாம் சூட்டைப் பற்றித்தான்.

பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சமைத்துத் தருவதில்தான் பவளத்தின் பிழைப்பு. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் இரண்டு தரப்புக்கும் சுகம். 30ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் மன்னார் வளைகுடாப் பவளங்களே 2010இலும் 2016இலும் இப்படி வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் இருக்கும் நூறு லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

சில்லர் வாங்கலாம், தொட்டியைவிட விலை கூடுதலாக இருக்கும். சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு உப்புநீரை ஊற்றினால் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். ஊற்ற வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணீர். தொட்டிச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடுவரை நிரப்புங்கள்.

கரண்ட் போனால்? வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் சில்லரைத் தாங்காது. இங்கே ஒரு நண்பர் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை. முழுக்கத் தண்ணீர் உறைந்த பாட்டில்கள். கரண்ட் போனதும் மூடியை இறுக்கி ஒன்றை மிதக்கவிடுவார், பேட்டரி ஏர் பம்ப்பைத் தட்டிவிடுவார், தெர்மாமீட்டரை டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் போட்டுத் திடீரெனக் குளிர்ந்ததில் முதல் மஷ்ரூமைப் பறிகொடுத்தவர் அவர். மே மாதம் முடியும்வரை வெளியூர்க் கல்யாணம் எதற்கும் குடும்பத்தோடு போவதில்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஆசை இருந்தால் ஆடி கழியட்டும். ஐப்பசி மழையில் தொட்டியை ஓடவிட்டு, தண்ணீர் பக்குவப்பட்டதும் தை மாதம் ரயில் ஏறுங்கள். தெர்மாகோல் பெட்டியை மறக்க வேண்டாம்.