யார் சொல்லும் கதை?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம், 'அனுபவத்தைச் சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்' என்கிறார்கள் இயக்க நண்பர்கள். இந்தப் பேச்சை அண்மையில் வாசித்த மூன்று பிரதிகளோடு வைத்துப் பார்க்கிறேன்.

பி.எச். டேனியலின் ஆங்கில நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். தேயிலைத் தோட்டக் கூலிகளின் சாவுகளை அங்கே வேலைபார்த்த ஒரு டாக்டர் எழுதுகிறார். பரிவு நிஜமானது, என்றாலும் பார்க்கிற கண் அந்தக் கூலியுடையது அல்ல.

டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட கதை. நாவல் எனும் பெரிய பரப்பு இதற்குத் தேவைதான். ஆனா, சங்கத்தின் 'நாம்' ஓங்கும்போது தனிமனிதரின் முணுமுணுப்பு அமுங்குகிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாறு. அதில் 'நான்' சட்டென்று 'நாங்க' ஆகிவிடுகிறது. பேச்சுமொழியே அதன் எழுத்துமொழி. அங்கே அனுபவப்பட்டவரும் எழுதுபவரும் ஒருவரே.

நாவல் என்றால் கலை, தன்வரலாறு என்றால் வெறும் சாட்சியம் என்று தரம் பிரிக்கிறோமே, இது யாருக்கு வசதி? சாட்சி சொல்ல மட்டும் அழைக்கப்படுகிறவர் எழுத்தாளர் ஆவதே இல்லை. நோட்டும் பேனாவும் முதலில் அவர் கைக்குப் போகட்டும்.