கமரா வாங்க முன்னர் ஒரு கணக்கு

மொன்றியலில் முதற்பனி விழும் நாட்களில் கமராக் கடைகளின் மலிவு விற்பனையும் தொடங்கிவிடும். சனிக்கிழமைகளில் சேர்ந்து படம் எடுக்கப் போகும் எங்கள் நாலைந்து பேருக்குள் யாராவது ஒருவர் அப்போது தொலைபேசியில் கேட்பார்: "புது மொடல் ஒன்று வந்திருக்கு, வாங்கலாமோ?" எங்களில் எவருக்கும் இது தொழில் இல்லை. கணக்கு எழுதுகிறவர், ரக்சி ஓடுகிறவர், உணவகத்தில் வேலை செய்கிறவர் என்று பலவகை. விலையைக் கேட்பதற்கு முன்னர் நாங்கள் இன்னொன்றைக் கேட்போம்: கையில் இருக்கும் கமராவால் எந்தப் படத்தை எடுக்க முடியாமற் போனது?

நட்டப்பட்டுத்தான் இந்தக் கேள்விக்கு வந்தோம். எங்களுள் ஒருவருடைய அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு பார்க் எக்ஸ்ரென்சனில் அவர்களது வீட்டில் கூடியிருந்தோம். அம்மா சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு நிமிர்ந்த அந்த நேரத்தை மூன்று கமராக்கள் எடுத்தன. மூன்றிலும் முகம் கலங்கியிருந்தது. பிளாஷ் போட்டு எடுத்தவற்றில் முகம் தெளிவு, ஆனால் சுண்ணாம்பு பூசியதுபோல. விளக்கின் வெளிச்சத்தைக் காணவில்லை. அடுத்த மாரிக்குள் அம்மா போய்விட்டார். ஊரில் எடுத்த படங்கள் இடப்பெயர்வில் வீட்டோடு போயிருந்தன. அந்திரட்டிக்கு மாலை போட்டு வைக்க அவருடைய கடவுச்சீட்டுப் படத்தைத்தான் பெருப்பித்தார்கள்.

பிழை கமராவில் அல்ல, அதன் முன்னால் இருந்த லென்சில். கமராவோடு சேர்த்துத் தரும் 18–55 லென்சை முகத்துக்கு நெருக்கமாக இழுத்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. (எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெருக்கும், இது பிடிபட எங்களுக்கும் நாள் எடுத்தது.) 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பாவித்ததாகத் தேடினால் நூறு டொலர் அளவில் வாங்கலாம். ஒளி, துவாரத்தின் பரப்பைப் பொறுத்துக் கூடுவதால் 5.6ஐ 1.8ஆல் பிரித்து வர்க்கமாக்கிப் பாருங்கள்: ஒன்பதரை மடங்குக்கு மேல் வரும். விளக்கின் முன் 1/15 செக்கன் தேவைப்பட்ட இடத்தில் 1/125 செக்கன் போதும். 1/15இல் வயதானவரின் தலையசைவும் எங்கள் கைநடுக்கமும் படத்தில் விழும். 1/125இல் பெரும்பாலும் விழாது. இதற்கும் ஒரு விலை உண்டு. கண்ணுக்குக் குவியம் வைத்தால் காது மங்கிவிடும். தனிமுகத்துக்கு அது வடிவு. பத்துப்பேர் இரண்டு வரிசையில் நிற்கும் கலியாணப் படத்துக்கு உதவாது.

தடை என்ன என்று பார்த்துக் கருவி தேடும் இந்த வேலையை, இதே நகரத்தில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் ஒருவர் செய்திருக்கிறார். அவரும் கணக்குப் படித்தவர் என்பதில் எங்களுள் ஒருவருக்குத் தனிச் சந்தோசம். பெயர் அலெக்சாண்டர் ஹென்டர்சன். 1831இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, விருப்பமில்லாமலே எடின்பரோவில் கணக்கியல் பயின்று, 1855இல் மொன்றியலுக்கு வந்து தரகு வணிகம் செய்தவர். ஓரிரு வருடத்தில் படம் எடுக்கப் பழகினார். 1865இல் கனடாக் காட்சிகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தலைப்பிலேயே தன்னை ஒரு பொழுதுபோக்குக்காரர் என்றுதான் குறிப்பிட்டார். அடுத்த வருடம் வணிகத்தை விட்டு ஸ்ரூடியோ திறந்தார்.

அவர் காலத்து முறை ஈரத்தகடு. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் அமிழ்த்தி, அது காயமுன் படம் எடுத்து, காயமுன் கழுவியும் விட வேண்டும். கையில் இருப்பது பத்து நிமிடம் அளவு. ஆகவே காட்டுக்குப் போனாலும் ஆற்றுக்குப் போனாலும் இருட்டுக் கூடாரம், இரசாயனப் போத்தல்கள், கண்ணாடித் தகடுகள் எல்லாம் கூடவே போகும். மொன்றியல் மாரியில், தண்ணீர் உறையும் குளிரில், இதைச் செய்து அவர் எடுத்த பனிக்காட்சிகளைப் பார்த்தால் பற்றரி குறைகிறது என்று நாங்கள் முறைப்பாடு சொல்வது வெட்கமாயிருக்கும். 1870களின் கடைசியில் உலர்தகடுகள் கடைக்கு வந்தன. முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், ஆறுதலாக வீட்டில் கழுவலாம், செக்கனின் சிறு பங்கில் படம் எடுக்கலாம். படத்தின் தரத்தைவிட, கூடாரம் இல்லாமல் போகக்கூடிய தூரத்தைத்தான் அந்தத் தகடு கூட்டியது என்பது எங்கள் எண்ணம். ஹென்டர்சன் பிறகு, 1892இல், கனடியன் பசிபிக் புகையிரதக் கம்பனியின் புகைப்படப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போனார். அவருடைய படங்கள் பல ஷெர்புறூக் வீதியிலுள்ள மக்கோர்ட் ஸ்ருவார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தப் பழைய படங்களில் ஓடும் தண்ணீர் புகைபோலத் தெரியும். ஈரத்தகட்டுக்குச் சில செக்கன்கள் வேண்டியிருந்ததால் வந்தது அது. அவருக்கு வேறு வழியில்லை. இன்று அதே தோற்றத்துக்கு நாங்கள் காசு கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி வாங்குகிறோம்! என்டி என்று கேட்டால் கடையில் தருவார்கள். பத்துப் படிக் கண்ணாடி ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/125 செக்கன் எட்டுச் செக்கனாகிவிடும். லசீன் பக்கம் சென் லோறன்ஸ் ஆறு பாறையில் மோதி நுரைக்கும் இடத்தில் முக்காலியில் கமராவை வைத்து எடுத்தால், பட்டப்பகலில் ஆறு பால்போல வரும். முக்காலி பாரமானதாக இருக்கட்டும். ஆற்றங்கரைக் காற்றில் மெல்லிய முக்காலி வைத்து ஒரு முழு நாள் வீணாகியது எங்கள் அனுபவம்.

எல்லாவற்றுக்கும் கருவி தேவையில்லை. பனியில் நின்று எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினால் "ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?" என்று கேட்காத உறவினர் உண்டா? கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைக்கும். பனி அழுக்காகும், எங்கள் முகம் இருண்டுவிடும். கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானில் ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டினால் சரி. செலவு ஒரு சதமும் இல்லை. புதுக் கமரா வாங்கினாலும் இதே பிழை பெரும்பாலும் வரும்.

குளிருக்கு மேலதிகப் பற்றரி ஒன்று வேண்டும். அதைப் பையில் வைக்காமல் சட்டையின் உட்பக்கப் பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வீட்டுக்குள் வரமுன், வெளியில் நிற்கும்போதே கமராவைப் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி, உள்ளே வந்து இரண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், கமராவுக்குள் இறங்காது.

இந்த மாரிக்கு எங்களில் ஒருவர் நீட்டுக்குழாய் வாங்கியிருக்கிறார். லென்சுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டும் வெறும் வளையம்; உள்ளே கண்ணாடி கிடையாது, அதனால் மலிவு. மொன்றியலுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் வெர்மொன்ற் மாநிலத்தில், வில்சன் பென்ற்லி என்ற இளம் விவசாயி 1885இல் நுணுக்குக்காட்டியைக் கமராவோடு பொருத்தித்தான் பனித்துகளைத் தனித்தனியே படம் பிடித்தார். பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். எங்களிடம் நுணுக்குக்காட்டி இல்லை. கறுப்புக் கம்பளித்துணி ஒன்றை முதலில் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதில் விழும் துகளை மூச்சுப் படாமல் எடுக்க வேண்டும். போன கிழமை எடுத்த நாற்பதில் இரண்டில்தான் ஆறு முனையும் தெரிந்தன.