கடலோரக் கல்விச்சாலைகள் – 7
கஞ்சித் தொட்டியில் பிறந்த கல்லூரி

காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வயதானவர்கள் பலருக்கு அது இன்னும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’தான். அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்ற வாரம் சர் தியாகராயா கல்லூரியில் நின்றோம். இந்த வாரம் பழைய ஜெயில் ரோட்டுக்கு வருவோம்.

தொடக்கம் ஒரு பஞ்சம். 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் பாழாயின, விளைச்சல் போயிற்று. பிழைத்தவர்கள் சென்னைப்பட்டணம் நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சுதேசிகளுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1808-ல் சத்திரமும் மருத்துவமனையும் ஒன்றாயின.

அதன்பின் நூறு வருடம் அது ஏழைகளின் ஆஸ்பத்திரியாகவே கிடந்தது. 1910-ல் அரசு ஏற்று, ராயபுரம் மருத்துவமனை என்றானது. அங்கே இயங்கிய மருத்துவப் பள்ளியில் படித்தவர்கள் எல்.எம்.பி. பட்டயத்தோடு வெளியேறினார்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அவர்களை ஒரு படி கீழாகவே பார்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டதாரி டாக்டர்கள் போகாத சிற்றூர்களில் டிஸ்பென்சரியைத் திறந்துவைத்திருந்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள்தான். 1933-ல் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி ஐந்தாண்டு டி.எம்.எஸ். படிப்பைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. 1938-ல் அது கல்லூரியாக உயர்ந்தது.

ஒரு கல்விச்சாலைக்கு ஊர் என்ன கொடுக்கிறது என்பதற்கு, இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு செய்தி. ஆப்பிரிக்காவின் தெற்கே லெசோத்தோ, போட்ஸ்வானா, ஸ்வாசிலாந்து மூன்றும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகம் நடத்திவந்தன. 1975-ல் லெசோத்தோ பிரிந்து தனக்கென ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தை அமைத்துக்கொண்டது. போட்ஸ்வானாவிடம் போதிய கட்டடமும் இல்லை, பணமும் இல்லை. 1976-ல் ‘ஆளுக்கொரு மாடு’ என்று அழைப்பு விடப்பட்டது. மாடு உள்ளவர்கள் மாடு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் தானியமும் காசும் கொண்டுவந்தார்கள். 1982-ல் போட்ஸ்வானா பல்கலைக்கழகம் எழுந்தது.

அங்கே மக்கள் மாடு கொடுத்தார்கள்; இங்கே ஸ்டான்லிக்கு வடசென்னை என்ன கொடுத்தது என்று கேட்டால், தன் உடம்பைக் கொடுத்தது என்பேன். இலவச வார்டில் படுத்திருக்கும் ஹார்பர் கூலியின் நெஞ்சில்தான் மாணவன் முதன்முதலாக ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறான். ஸ்டான்லியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியில் வலியில் கத்தும் மீனவப் பெண்ணிடம்தான் பிரசவம் பார்க்கக் கற்கிறான். இப்படிக் கற்றவர்களில் ஒருவர், 1944-ல் இங்கே படிப்பை முடித்து, பின்னாளில் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்து, 2020-ல் மறைந்த டாக்டர் திருவேங்கடமும் ஸ்டான்லிக்காரர்தான்.

நோயாளிகள் ஒரு பாடத்தையே உருவாக்கியதற்கு இங்கே ஒரு சான்று இருக்கிறது: கை அறுவை சிகிச்சைத் துறை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மோட்டார் ஆலைகளும் அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் பெருகின. பவர் பிரஸ்ஸில் தகடு மாற்றும் கை அரை நொடி பிந்தினால் விரல் போய்விடும். அப்படி வந்த கைகளைப் பார்த்துப் பார்த்து, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி (முன்னே சொன்ன கண் மருத்துவர் வேறு, இவர் வேறு) 1970-களில் கைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்தார். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேரடியாக விரலில் பட்டால் திசு கெட்டுவிடும். பிறகு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ரத்தக் குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். தோல் முழுதும் உரிந்துபோன கை என்றால், அதை அடிவயிற்றுத் தோலோடு இணைத்துத் தைப்பார்கள். மூன்று வாரம் நோயாளி அப்படியே நடந்து, சாப்பிட்டு, தூங்க வேண்டும். ரத்த ஓட்டம் பிடித்த பிறகுதான் பிரிப்பார்கள்.

2018 பிப்ரவரியில் இதே துறை, மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தியது. அரசு ஆஸ்பத்திரியில், கட்டணமில்லாமல்.

கைக்குக் கிடைத்த இந்தக் கவனம் மூச்சுக்கும் வேண்டும். 2023 டிசம்பரில் மணலி ஆலைப் பகுதியிலிருந்து கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்தபோது எண்ணூர் மீனவர்கள் வெறுங்கையால் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஊரே தெருவுக்கு ஓடிவந்தது. இருமலோடு வருகிறவரிடம் “புகை பிடிப்பீங்களா?” என்று கேட்பதோடு புறநோயாளிச் சீட்டு முடியக் கூடாது. வீடு எந்தக் குப்பத்தில், எந்த ஆலைக்குப் பக்கம், எத்தனை வருஷமாக என்பதும் அதில் ஏற வேண்டும். பத்து வருடம் அப்படிச் சேர்ந்தால், எந்தத் தெருவில் எந்த நோய் கூடுகிறது என்பதை ஸ்டான்லியே நாட்டுக்கு எடுத்துச் சொல்ல முடியும்.

(தொடரும்)