முகம் பார்க்கும் கேமரா: உங்களுக்குத் தெரியுமா?

செல்ஃபி, செல்ஃபோனோடு வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அதற்கு வயது 180-ஐத் தாண்டிவிட்டது! 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், விளக்கு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கொர்னீலியஸ் கடைக்குப் பின்புறம் கேமராப் பெட்டியை நிறுத்தினார். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு எதிரே போய் ஆடாமல் அசையாமல் இருந்தார். ஒரு கிளிக்கில் முடிகிற வேலையல்ல. நிமிடக்கணக்கில் தகட்டில் ஒளி விழ வேண்டும். அந்தப் படம் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. தலை கலைந்திருக்கிறது, கோட்டுக் காலர் தூக்கி நிற்கிறது. ஆள் படத்தின் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்” என்று சொல்ல, கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லையே. ஆனால் அவருடைய சந்தேகப் பார்வை இருக்கிறதே, அது இன்றைய ஸ்டூடியோ படங்களில் தேடினாலும் அகப்படாது.

✦

அடுத்த ஆண்டே நடிப்பும் சேர்ந்துகொண்டது. பிரான்சின் இப்போலித் பயார், படம் பிடிக்கும் முறை ஒன்றைத் தானும் கண்டுபிடித்திருந்தார். பெயரும் பணமும் போட்டிக் கண்டுபிடிப்பாளர் லூயி டாகேருக்கே போய்விட்டன. அந்தக் கோபத்தில் 1840-இல், தண்ணீரில் மூழ்கிச் செத்த பிணம் போலச் சாய்ந்து உட்கார்ந்து தன்னையே படம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டதில் ஒரு வசதியும் உண்டு: அத்தனை நேரம் இமைக்காமல் இருக்க வேண்டியதில்லை. முகமும் கைகளும் கறுப்பாக விழுந்திருந்தன. பிணம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பின்பக்கக் குறிப்பில் அதையும் கிண்டலாகச் சேர்த்துவிட்டார். ‘இறந்தவர்’ 1887 வரை உயிரோடு இருந்தார்.

✦

நம் நாட்டில்? 1880 வாக்கில் திரிபுரா மகாராஜா பீர்சந்திர மாணிக்யா, மகாராணி மன்மோகினியோடு எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. ஒரு கை ராணியை அணைத்திருக்கிறது, இன்னொரு கை ஷட்டரை இயக்கும் விசையைப் பிடித்திருக்கிறது. ராஜா போஸ் கொடுப்பதில் அதிசயமில்லை. படக்காரரை வெளியே அனுப்பிவிட்டு மனைவியோடு நெருக்கமாக உட்கார்ந்ததுதான் அதிசயம்.

✦

ஓவியர் அமிர்தா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங்கும் இந்த வரிசையில் வருகிறார். இளமையில் தொடங்கி 1940-கள் வரை, தன் முகமும் உடம்பும் மாறுவதை விடாமல் படமெடுத்தவர். 15 நாள் உண்ணாநோன்பு இருந்துவிட்டு 1930-இல் எடுத்ததும் அவற்றில் ஒன்று. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லாத செல்ஃபிகள் இவை.

✦

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? பழி மூக்கின் மேல் இல்லை, தூரத்தின் மேல். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியிலிருந்து எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருகிறவர்கள் பெருகியதால் வந்த ஆய்வு அது. அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். படத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

✦

அப்படியும் உங்கள் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? உங்கள் முகம் உங்களுக்குக் கண்ணாடி வழியாகத்தான் பழக்கம், இடம் வலம் மாறி. 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையில், பலரும் தம் முகத்தின் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களுக்கோ நேர்ப்படம் பிடித்தது.

✦

இனி காட்டுக்குப் போவோம். இரவில் காட்டு விலங்குகளை ஃப்ளாஷ் போட்டுப் படமெடுத்த முன்னோடி ஜார்ஜ் ஷிராஸ், முதலில் வேட்டைக்காரர். ஏரியில் படகை ஓசையில்லாமல் செலுத்தி, முனையில் விளக்கை வைத்தால் கரையில் நிற்கும் மான் அதையே வெறித்துப் பார்க்கும்; வேட்டைக்காரர் சுடுவார். ஷிராஸ் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். வேறு இடங்களில் குறுக்கே நூல் கட்டி, விலங்கே இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளவும் வைத்தார். 1906 ஜூலை ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. ‘இது என்ன, படப் புத்தகமா?’ என்று கோபித்துக்கொண்டு நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் விலகிப் போனார்கள்! அந்த இதழுக்கு இன்றுள்ள பேர் எதனால் வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

✦

அதே இடறு நூல் உத்தியால் நம் காட்டுப் புலிகளைப் படம்பிடித்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன், பிரிட்டிஷ் காலத்து வனத்துறை அதிகாரி. படங்கள் 1927-இல் நூலாக வந்தன. அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இல்லை என்பது தெரிந்தது. இன்றைய புலிக் கணக்கெடுப்பு நிற்பது அந்த வரிகளின் மேல்தான்.

✦

படத்தை எடுத்தது குரங்கு என்றால் உரிமை யாருக்கு? இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பிரிட்டிஷ் படக்காரர் டேவிட் ஸ்லேட்டரின் கேமராவில் ஒரு கறுங்குரங்கு கைவைத்து, பல் தெரியத் தன்னையே எடுத்துக்கொண்டது. 2011-இல் படம் வெளியாகி உலகமெங்கும் பரவியது. மனிதர் உருவாக்காத படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2014-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொல்லிவிட்டது. 2015-இல் ‘பீட்டா’ அமைப்பு குரங்கின் சார்பிலேயே வழக்குப் போட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க விலங்குக்கு வழியில்லை என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்து வைத்தது. இதற்கிடையே, அந்தப் படங்களின் வருங்கால வருமானத்தில் 25 சதவீதத்தைக் குரங்குகளின் பாதுகாப்புக்குத் தருவதாக ஸ்லேட்டர் ஒப்புக்கொண்டிருந்தார்.

✦

அந்தக் குரங்கு சிரித்ததா? நமக்குத்தான் அது சிரிப்பு. வட இந்தியச் செம்முகக் குரங்கு பல்லைக் காட்டினால், ‘நீ பெரியவன், என்னை விட்டுவிடு’ என்று பெரும்பாலும் அர்த்தம். சுலவேசிக் குரங்குகளிடம் அதே பல், நட்பின் அடையாளமாகவும் வரும். குரங்கு கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நெருங்காதீர்கள்; கோரைப்பல்லைக் காட்டி எச்சரிப்பதாகவும் இருக்கலாம்.

மற்ற விலங்குகளிடமும் இதே கதைதான். மேலுதட்டைச் சுருட்டி, மூக்கைச் சுளித்து, நாக்கை நீட்டிப் புலி ‘இளிக்கும்’ படம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். இன்னொரு புலி விட்டுப்போன வாசனையை அண்ணத்திலுள்ள நுகர்வு உறுப்புக்கு அது ஏற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக்கோடு வழிந்தால் ‘அழும் யானை’ என்று தலைப்புப் போடுகிறார்கள். அது மதநீர். அழுகிறது என்று ஆறுதல் சொல்லக் கிட்டே போகக் கூடாத நேரம் அதுதான். கிண்டிப் பூங்காவிலோ கோடியக்கரையிலோ ஆண் வெளிமானை டெலிலென்ஸில் பாருங்கள்: கண்ணின் முன்முனையை ஒட்டிக் கறுத்த பிளவு ஒன்று இருக்கும். கண்ணீர்த் தடம் போலத் தெரிந்தாலும் அது வாசனைச் சுரப்பி. தன் எல்லையில் தலையை உயர்த்தி வீறாப்புக் காட்டும்போது அந்தப் பிளவு விரியும். சோகமான முகம் என்று நாம் பரிதாபப்படும் அதே நொடியில், மான் ஊரை மிரட்டிக்கொண்டிருக்கிறது.

✦

ஆந்தை ஏன் எல்லாப் படத்திலும் நேராக நம்மையே பார்க்கிறது? அதன் கண் உருண்டையல்ல, குழாய் வடிவம்; குழியில் சுழற்ற முடியாது. எதைப் பார்க்கவும் தலையையே திருப்ப வேண்டும். 270 பாகை வரை திருப்பும்.

✦

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேரும் வைத்திருந்தார். ‘பாண்டரஸ்’ என்றால் ஆங்கிலத்தில் கனமானது; கேமராவின் கனத்துக்கு ஏற்ற பேர்! 1950-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை விடவில்லை. விலங்கின் முகத்தில் மனித உணர்ச்சியை ஏற்றிப் பேசாமல், அது என்ன செய்கிறதோ அதைக் கவனித்து எழுதிய கை அது. தமிழ்நாட்டில் கேமராவோடு காட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அவரைப் படித்திருப்பார்கள் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

✦

டெலிலென்ஸ் இல்லாமல் சிங்கத்தை எடுக்க முடியுமா? நிக் பிராண்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில் எடுத்தார், அதுவும் ஃபிலிமில். மனிதரின் முகத்தைத் தூரத்திலிருந்து எடுக்க மாட்டோமே, விலங்கை மட்டும் ஏன் என்பது அவர் கட்சி. பொறுமை இருந்தால் சரி. வண்டிக்குள்ளேயே காத்துக் கிடக்க வேண்டும்.

ஜோயல் சார்டோரி வேறு வழி. 2006-இல் தொடங்கிய ‘ஃபோட்டோ ஆர்க்’ திட்டத்தில், காப்பகங்களில் உள்ள உயிரினங்களை வெறும் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணியில் எடுக்கிறார். மரமும் புல்லும் இல்லாததால் எலியும் யானையும் படத்தில் ஒரே அளவு. 10,000 இனங்களுக்கு மேல் எடுத்தாகிவிட்டது.

✦

வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்கு 2009-இல் லண்டன் காட்டுயிர்ப் படப் போட்டியின் முதல் பரிசு கிடைத்தது. நிஜ ஓநாய் வாயிற்கதவு இடுக்கில் நுழைந்து போயிருக்குமே என்று சிலர் கேட்டார்கள். பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவுக்கு வர, பரிசு பறிபோனது. 2018-இல் அதே போட்டியில் இன்னொரு பரிசும் போயிற்று. படத்திலிருந்த எறும்புதின்னி, பஞ்சடைத்துப் பாடம் செய்த பொம்மை!

✦

கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாவிட்டால் எந்த விலங்கும் பாடம் செய்ததுபோலத்தான் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் தாழ இருக்கட்டும். நீங்களும் தாழுங்கள்: வரப்பில் நிற்கும் மடையானை நின்றபடி எடுத்தால் முதுகுதான் வரும், படுத்து எடுத்தால் முகம் வரும். சேறு துவைத்தால் போய்விடும்.

✦

கடைசியாக, தன் முகமும் விலங்கின் முகமும் ஒரே படத்தில் வேண்டும் என்பவர்களுக்கு. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கத் தடை இருக்கிறது, இருந்தும் இறங்குகிறார்கள். ஃபோனின் முன்கேமரா அகலக் கோண லென்ஸ். பின்னால் நிற்பது எதுவானாலும், இருப்பதைவிடச் சிறிதாகவும் தள்ளியும் காட்டும். தாய்லாந்தில் அளந்து 2003-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் போகும். வேகம் பிடித்துவிட்டால் 20 மீட்டரைக் கடக்க 3 விநாடி. பல ஃபோன்களில் செல்ஃபி டைமரின் குறைந்த அளவும் அதே 3 விநாடிதான்.