வெற்றிலை வாய்க்கு வளையும் பல்செட் சரிப்படுமா?

எங்கள் அப்பாயிக்குக் கும்பகோணம் பக்கம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வாசித்துக் காட்டியபோது, ஏதோ தனக்கே விருது வந்ததுபோல் சிரித்தார். வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

கம்பி வைத்த பழைய பல்செட் கிணற்றடியில் கை நழுவி இரண்டாக உடைந்தது. "இனிமே உடையாத பல்லாக் கட்டச் சொல்லுடா" என்றார். கட்டியது ஃப்ளெக்சிபிள் பல்செட். கம்பி கிடையாது, கொக்கியும் ஈறு நிறத்திலேயே இருக்கும், வளைத்தால் வளையும். பத்தே மாதத்தில் ஓரமெல்லாம் செம்பழுப்பு. பேஸ்ட் வைத்துத் தேய்க்கத் தேய்க்கக் கறை கூடியதே தவிர, போகவில்லை.

காரணம், பொருளில் இருக்கிறது. வழக்கமான பல்செட் அக்ரிலிக்கில் செய்வது. கெட்டியானது, கண்ணாடிபோல மெருகேறும். விழுந்தால் உடையும். வளையும் செட் பெரும்பாலும் நைலான் வகை. 1950-களில் அமெரிக்காவில் 'வால்பிளாஸ்ட்' என்ற பெயரில் வந்தது. நைலானை உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துவார்கள். விழுந்தாலும் சட்டென்று உடையாது. ஆனால் மென்மையான பொருள் என்பதால் மெருகேற்றுவது கஷ்டம்.

மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலம் அதிகமாக ஒட்டும் என்பது பல் மருத்துவத்தில் ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் அது! பேஸ்ட்டில் இருக்கும் தேய்ப்புத் துகள்கள் நைலானில் கீறல் போடும். சுண்ணாம்போடு சேர்ந்து பாக்கு விடும் சிவப்பு அந்தக் கீறலில் போய் உட்காரும். காபி, மஞ்சளும் அப்படித்தான். கேண்டிடா என்ற பூஞ்சைக்கும் அது வசதியான இடம்.

இன்னொரு சங்கதி, கட்டும்போது பலரும் கேட்காதது. பல், நைலானோடு வேதியியல் முறையில் ஒட்டாது. பல்லில் துளை போட்டு அதற்குள் நைலானை இறக்கித்தான் பிடிக்க வைக்கிறார்கள். ஒரு பல் கழன்றால் உள்ளூரில் உடனே சரிசெய்வது சிரமம். செட் வளைவதால் மெல்லும் பாரமும் ஈறின்மேல்தான் அதிகம் இறங்கும். அக்ரிலிக் ஒவ்வாதவர்களுக்கு இது நல்ல மாற்று. ஆனால் எல்லோருக்கும் இதுதான் உசத்தி என்று சொல்வதற்கில்லை.

பேஸ்ட்டுக்குப் பதில் மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறிலோ கன்னத்திலோ ஆறாத வெள்ளை, சிவப்புத் திட்டு தெரிந்தால் கறை என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது.

அப்பாயியிடமும் இதைச் சொன்னேன். பாக்கைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். செட்டை டம்ளரில் போட்டுவிட்டு, பரணிலிருந்த பழைய இரும்பு உரலில் வெற்றிலை இடிக்கிறார். பல்செட், சாப்பாட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும்.